ஒரு கொம்பும் ஒரு காலும்

இரவு இரண்டு மணி.
செல்லூரில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை.
விடிவதற்குள் மூன்று:
ஒரு காதணி விழா,
ஒரு கண்ணீர் அஞ்சலி,
முன்னாள் வேட்பாளர் சோணைமுத்துவின்
அறுபதாவது பிறந்தநாள்.
மூன்றுக்கும் அடியில் ஒரே ஃபைல்,
பரோட்டா மாதிரி லேயர் லேயராக.
எதை மறைத்தேன், எதைத் திறந்தேன் என்று கேட்டால்
கையில் டீ இருந்தது,
கண்ணில் தூக்கம் இருந்தது,
அவ்வளவுதான் ஞாபகம்.

விடிந்தபோது
தத்தனேரி போகிற வழியில், பத்துக்கு எட்டில்,
சோணைமுத்து சிரித்துக்கொண்டிருந்தார்.
இரண்டு பக்கமும் பலூன்கள்.
தலைக்கு மேலே
ஒரு சொட்டு வடிக்கிற ஒற்றைக் கண்.
தோற்றம்: அவர் பிறந்த தேதி, பிழையில்லாமல்.
மறைவு: நேற்று.
அதற்கும் கீழே, ரோஜாப்பூ நிறத்தில்,
பல்லாண்டு வாழ்க.

காஜா அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
கால்குலேட்டரை எடுத்தார்.
அவர் திட்டுவது அப்படித்தான்.

ஒன்பதரைக்கு ஒரு எக்ஸ்எல் வண்டி வந்து நின்றது.
செத்தவர் இறங்கி ஸ்டாண்டு போட்டார்.
கழுத்தில் சம்பங்கி மாலை.
"இதைப் பண்ணுன புள்ள யாரு?"
காஜா அண்ணனின் விரல்
என் பக்கம் நீண்ட வேகத்தை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
போனை மேசையில் வைத்தார்,
அது அடித்தபடியே இருந்தது.
"காலையிலருந்து நூத்திப் பதினாலு, தாயி.
எலெக்சன்ல நின்னேனே, எத்தனை ஓட்டுங்கிற?
நாப்பத்தி மூணு.
வீட்டுல மட்டும் ஏழு ஓட்டு,
அதுல ரெண்டு எங்கிட்டுப் போச்சுன்னு
இன்னும் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.
தோத்த அன்னைக்கு ஒரு பய கூப்பிடல."

அடுத்த அழைப்பை அவரே எடுத்தார், குரலைத் தாழ்த்தி:
"ஆமாப்பா, திடீர்னுதான்.
தங்கமான மனுசன்.
உன் பேருக்கு நேரா நாலாயிரம்னு எழுதி வச்சிட்டுல்ல போயிருக்காரு."
வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
அதுவரை அழத் தயாராக இருந்தவள் நான்.
குடித்த டீ மூக்கு வழியாக வந்தது.

காலையில் சம்பந்தி ஆட்டோவில்
மாலையோடு வந்து இறங்கினாராம்.
பேச்சியம்மாள் உள்ளே திரும்பி,
"எந்திரிச்சுப் பல்லு வெளக்குங்க,
உங்களுக்குத் துட்டி கேக்க ஆள் வந்திருக்கு" என்றாளாம்.
வாங்கிய மாலை வீணாகக் கூடாதென்று
இவரே போட்டுக்கொண்டாராம்.

"ஒரே ஒரு தப்புதான் தாயி இருக்கு."
பேனாவை எடுத்தேன்.
"தோற்றம்னு போட்டிருக்கீல்ல,
அதுல ஒரு கொம்பும் ஒரு காலும் விட்டுப்போச்சு.
தோற்றோம்.
அப்படிப் போட்டா
எங்கட்சி வரலாறு மொத்தமும் அடங்கிரும்."

கழற்ற வேண்டாமாம், சாயங்காலம் வரை இருக்கட்டுமாம்.
யார் வருகிறார்கள், யார் வரவில்லை,
ஒரு நோட்டில் குறிக்கப் போகிறாராம்.
"அடுத்த எலெக்சனுக்கு ஆகும்ல?"

அந்த மாதச் சம்பளத்தில்
ஆயிரத்து இருநூறு பிடித்துக்கொண்டார் காஜா அண்ணன்.
அதில் மட்டும் சிரிக்க எதுவும் கிடைக்கவில்லை.
தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள்
அவர் வீட்டைத் தாண்டிப் போனேன், நல்ல மழை.
ஆட்டுக்கொட்டகைக்கு மேலே அதே ஃப்ளெக்ஸ்,
சோணைமுத்து தலைகீழாகச் சிரிக்கிறார்.
ஒற்றைக் கண்ணில் ஓட்டை விழுந்து
நிஜமாகவே ஒழுகுகிறது.
கீழே
கொம்பும் காலுமாய் நாலு ஆடுகள்,
அதிகம் நனையாமல்.
அதில் ஒன்று
தொங்கிய ஓரத்தை எட்டி இழுத்து
மறைவு என்கிற எழுத்தை
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.